பூச்சியின் பெயரில் இரண்டு தகரம்

மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில் தோன்றியது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பாவம், அவர்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்ததில்லை. றொசல்ல ஸ்டேசனில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம், மேலே ஏறினால் ஒரு பிள்ளைக்காம்பரா வரும். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். நாகரிகம் தோன்றியது அங்கேதான். இந்த ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. பத்து மணிக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். வடை ஆறிவிடும் என்று அரை மணி முன்னதாகத் தொடங்கிவிட்டோம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் தோட்டத்து ஆபீசில் இருபத்திரண்டு வருடமாகக் கிளாக்கர். பெயர் ஆண்டியப்பன். 'சின்னவரும் செல்லமும்: சிறுவர் பிராணி நேய, பாதுகாப்பு விழிப்புணர்வுச் செயற்றிட்டம்' என்ற மாபெரும் திட்டத்தின் தோட்ட மட்ட இணைப்புச் செயலாளரும் நானே. அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது, தொப்பி உண்டு.

திட்டத்தைக் கொண்டு வந்தவர் வினோதா மிஸ். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சி பெற்று, நேராக எங்களிடம் வந்தவர். ஜீப்பிலிருந்து ஒரு பதாகையையும், ஒரு கைநூலையும், பஞ்சு அடைத்த பெரிய நாய் ஒன்றையும் இறக்கினார். பஞ்சு நாய்க்கு மழைக்கவசம் போட்டிருந்தது. தோட்ட மேலாளரான துரை குத்துவிளக்கு ஏற்றி, "ஒரு தோட்டத்தின் தரத்தை அங்கே பிராணிகள் எப்படி நடத்தப்படுகின்றன என்பதை வைத்து அறியலாம்" என்று பேசினார். நான் கண் கலங்கிக் கைதட்டினேன். முன்வரிசையில் இருந்த நாலு வயதுக்காரர் ஒருவர் தூங்கிவிட்டார். அது உணர்ச்சிப் பெருக்கால் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

பாடம் ஆரம்பமானது.

"தூங்குற நாய்க்குப் பக்கத்துல போகலாமா?" என்றார் மிஸ்.

"கூடாது மிஸ்!" என்றன இருபத்து மூன்று பிள்ளைகள்.

"சாப்புடுற நாயத் தொடலாமா?"

"கூடாது மிஸ்!"

"தெரியாத நாய் ஓடியாந்தா நம்மளும் ஓடலாமா?"

"கூடாது மிஸ்! மரம் மாதிரி நிக்கணும்!"

"ரொம்ப நல்லா சொன்னீங்க. இப்பக் கடைசி. நாய் தூங்குற எடத்துக்கும் நம்ம தூங்குற எடத்துக்கும் நடுவுல ஆறடி இருக்கணும். சரியா?"

எல்லோரும் சரி என்றார்கள். ஒரு கை மட்டும் மேலே போயிற்று. தொழிலாளர் வரிசை வீடுகளில் பத்தாம் நம்பர் லயத்து நிலக்ஷியின் கை. வயது ஐந்தரை.

"மிஸ், எங்க காம்பராவுல நாங்க ஆறு பேரு. பூச்சியோட ஏழு. பூச்சிக்கு ஆறடி விட்டா, அம்மா அடுப்புமேலதான் படுக்கணும்."

"பூச்சி யாரும்மா?"

"எங்க நாய்க்குட்டி மிஸ். கறுப்பு. கழுத்துல மட்டும் வெள்ளை."

மிஸ் கைநூலைப் புரட்டினார். கைநூலில் வீட்டின் படம் இருந்தது. வரவேற்பறை, படுக்கையறை இரண்டு, பின்பக்கம் புல்வெளி, புல்வெளியில் நாய். எங்கள் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு அடி. இந்த இக்கட்டான நேரத்தில் இணைப்புச் செயலாளர் தலையிட்டார். "நல்ல கேள்வி" என்று பாராட்டிவிட்டு, கேள்வி நேரம் முடிந்தது என்று அறிவித்தேன்.

அடுத்து 'செல்லப்பிராணி நலன் அட்டை'. நாய் வளர்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. மொத்தம் ஐந்து கேள்விகள். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு ஆபீஸ் தாள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' போட்டு, கையெழுத்து வைத்து, அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நிலக்ஷியின் அம்மா நாகலெட்சுமி மட்டும் மலையில் கொழுந்து பறித்து முடித்து வர நேரமாகிவிட்டது. அதனால் அட்டையைப் பிள்ளையிடமே கேட்டு நிரப்பினார் மிஸ். அந்த வயதில் அவளுக்கு ஆபீஸ் தாள் பழக்கமில்லை. உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"பூச்சி படுக்குற எடத்துல கூரை ஒழுகுமா?"

"ஏழு எடத்துல ஒழுகும் மிஸ். சட்டி நாலுதான் இருக்கு."

"குடிக்க நல்ல தண்ணி?"

"கீழ ஊத்துப் பீலிக்குப் போகணும். மழை பேஞ்சா சேறா வரும்."

"காய்ச்சல் வந்தா ஒடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்களா?"

"பூச்சியவா மிஸ், எங்களயா?"

ஐந்துக்குப் பூச்சியம். மிஸ் பேனாவை மூடினார்.

"இந்த மாதிரி எடத்துல ஒரு உயிர வச்சிருக்கறதே பாவம்ங்க ஐயா."

"பெரிய பாவம்" என்றேன். அவர் சொன்னது பூச்சியின் உயிரை. மற்ற ஆறைப் பற்றி எழுத அட்டையில் இடம் விடவில்லை.

விதிமுறை தெளிவாக இருந்தது. தேறாத வீட்டிலிருந்து பிராணி 'மீட்கப்பட' வேண்டும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குப் பின்னால் நாய்க்கூடம் எழுந்தது. சீமெந்துத் தரை, ஒழுகாத கூரை, குழாய்த் தண்ணீர், கழிவு போக வாய்க்கால், ஒரு மின்குமிழ். பதினொரு நாளில் கட்டி முடித்தோம். மனது வைத்தால் இந்தத் தோட்டத்தில் எதுவும் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

பூச்சியை மீட்ட அன்று நிலக்ஷி ஜீப்பின் பின்னால் வளைவு வரைக்கும் ஓடினாள். அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று குறிப்பேட்டில் எழுதினேன். அதற்குப் பிறகு தினமும் பிள்ளைக்காம்பரா விட்டதும் நாய்க்கூடத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டாள். பூச்சி உள்ளே தூங்கினால் இவள் சரியாக ஆறடி தள்ளி உட்காருவாள். ஒரு நாள் நானே அளவு நாடா வைத்துப் பார்த்தேன், ஓர் அங்குலம் குறையவில்லை. பாடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். பிள்ளை சோறு தின்பதில்லை என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

நாகலெட்சுமி ஆபீசுக்கு வந்தாள். தலையில் இன்னும் கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த தடம்.

"ஐயா, புள்ள ராவெல்லாம் அதையே கேட்டு அனத்துதுங்க. நாயத் திருப்பிக் குடுத்துருங்கய்யா."

"தராம என்னம்மா? கூரையத் திருத்துங்க. நாய் படுக்க ஈரமில்லாத எடம் இருக்குன்னு நாங்க பாத்தாப் போதும்."

"அதத்தாங்கய்யா எட்டு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கோம். பதினாலு தடவ எழுதிக் குடுத்துட்டோம். ஒங்க கையிலதானே குடுத்தோம்?"

"எல்லாம் பரிசீலனையில இருக்கு" என்றேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. தலைக்குள் ஏதோ மின்குமிழ் எரிந்த மாதிரி இருந்தது. "இந்தாம்மா, நீங்க எழுதுனது எல்லாம் மனுசங்க பேருல. அதுதான் தப்பு. மனுசன்னா, வீடு யார் பொறுப்பு, நெலம் யார் பொறுப்பு, தோட்டமா அரசாங்கமான்னு மேல எடத்துல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நாய்க்கு அந்தத் தொந்தரவு இல்ல. நாய்க்குன்னு திட்டமே இருக்கு. பூச்சி பேருல எழுதுவோம்."

நாகலெட்சுமி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்கய்யா. அது பேருலயே எழுதுங்க. நாங்க அது கூட இருந்துக்குறோம்."

விண்ணப்பதாரர்: பூச்சி. வயது: ஐந்து மாதம். குடியிருப்பவர்: ஒன்று. உடன் தங்கியிருப்போர்: ஆறு. கையொப்பத்துக்குப் பதிலாக முன்னங்கால் ரேகை வைக்கப்பட்டது. நாலே நாளில் அனுமதி வந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் இத்தனை வேகமாக ஒரு தாள் போய்த் திரும்பியதை நான் கண்டதில்லை.

தகரம் அடிக்கத் தச்சு வேலைக்காரர் சின்னராசா போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஐயா, தாள்ல ரெண்டு தகரம்னு போட்டிருக்கு. நாலடிக்கு மூணடி. முழுக் காம்பராவும் ஒழுகுதே?"

"நாய் எவ்வளவு எடத்துல படுக்கும்?"

"அது சுருண்டு படுத்தா ஒரு மொழம்."

"பெறகென்ன? தாராளமாத்தான் குடுத்திருக்கோம்."

"அப்ப மத்தவங்க?"

"மத்தவங்க விண்ணப்பதாரர் இல்ல, சின்னராசா."

அடுப்பு மூலைக்கு மேலே இரண்டு புதுத் தகரங்கள் ஏறின. வெயிலில் அவை பளபளத்தபோது லயமே கண் கூசி நின்றது. துரை வந்து நாடா வெட்டினார். பூச்சி வீடு திரும்பியது. நிலக்ஷி ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாயைக் கழுத்தோடு கட்டிப்பிடிப்பது கைநூலின் பாதுகாப்பு விதிகளில் ஏழாவது தடை என்பதால், அந்தப் படத்தை மட்டும் அறிக்கையில் சேர்க்கவில்லை. மற்றபடி நல்ல படம். பிள்ளை அப்படிச் சிரித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழைக்கு விட்டுவிட்டுப் பெய்யத் தெரியாது. திட்டத்தின் இறுதிக் கட்டமான 'திடீர் மேற்பார்வை'க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலைத் தேர்ந்தெடுத்தேன். வேலையில்லாத நாள் என்பதால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மிஸ்ஸும் நானும் குடை பிடித்துக்கொண்டு பத்தாம் நம்பர் லயத்துக்குப் போனோம்.

உள்ளே நாலு சட்டியிலும் சொட்டிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி ஒரு சட்டியை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு ஓடி வந்து அடுத்ததை எடுத்தாள். அரிசி மூட்டைக்கு மேலே குடை விரித்து வைத்திருந்தார்கள். அடுப்பு மூலையில், இரண்டு தகரத்துக்குக் கீழே, காய்ந்த சாக்கின்மேல், நிலக்ஷியின் தம்பி வினோஜன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்றரை வயது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. பூச்சி அவனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பு தகரத்துக்கு வெளியே, முதுகில் தண்ணீர் சொட்டச் சொட்டப் படுத்திருந்தது.

மிஸ் குடையை மடக்கிவிட்டு உள்ளே குனிந்தார்.

"நிலக்ஷி, இது பூச்சியோட எடம் இல்லியா? தம்பிய ஏன் இங்க படுக்க வச்சீங்க?"

"தம்பிக்குச் சளி மிஸ். மத்த எடமெல்லாம் ஈரம்."

"நாய் கடிச்சுட்டா?"

"கடிக்காது மிஸ். நா கேட்டுட்டுத்தான் படுக்க வச்சேன்."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"பூச்சிகிட்ட. தம்பிக்கு ஒடம்பு முடியல, கொஞ்சம் எடம் குடுன்னு கேட்டேன். ஒரு தடவதான் கேட்டேன். ஒடனே நகந்துக்கிச்சு."

எனக்கு நெஞ்சில் என்னவோ அடைத்தது. மத்தியானம் சாப்பிட்ட ரொட்டியாக இருக்கும்.

மிஸ் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "ஐயா, இத எழுதாம விட்டுருவோமே."

நான் இருபத்திரண்டு வருடத்தில் எதையும் எழுதாமல் விட்டவனில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுதினேன். குறைபாடு ஒன்று: தூங்கும் பிராணிக்கும் தூங்கும் சிறுவருக்கும் இடையே ஆறடி இல்லை, ஆறு விரற்கடைகூட இல்லை. குறைபாடு இரண்டு: பிராணிக்கென ஒதுக்கப்பட்ட உலர்ந்த இடத்தை அனுமதி பெறாத நபர் ஒருவர் ஆக்கிரமித்துள்ளார், பிராணி நனைகிறது. பரிந்துரை: பிராணியை மறுபடி மீட்டல். தகரங்கள் பூச்சியின் பெயரில் இருப்பதால், பூச்சியோடு அவையும் போக வேண்டும்.

மறுநாள் காலை மழையோடு மழையாகச் சின்னராசா ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன், பட்டியலைச் சரிபார்க்க. வாசலில் நிலக்ஷி நின்றாள். பூச்சியை ஏற்கெனவே ஜீப்பில் ஏற்றியாகிவிட்டது. அவள் அழவில்லை.

"மாமா, தம்பி இன்னும் தூங்குறான். அவன் எந்திரிச்சப்பெறகு கழட்டுறீங்களா?"

சின்னராசா ஏணியைக் கீழே வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நனைந்துகொண்டு. வேலை நேரத்தில் வீணாகத் தாமதித்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

திட்டம் மகத்தான வெற்றி. கொழும்பில் நடந்த விழாவில் 'உயிர்களிடத்தில் இரக்கம் காட்டிய தோட்டம்' என்ற கேடயத்தைத் துரை வாங்கினார். அது இப்போது ஆபீசில் என் தலைக்கு மேலே தொங்குகிறது. பூச்சி கூடத்தில் சுகமாக இருக்கிறது. கழற்றிய தகரங்கள் அதன் பெயர் எழுதிய சீட்டோடு ஸ்டோரில் இருக்கின்றன. வினோதா மிஸ் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி.

போன வாரம் நாகலெட்சுமி பதினைந்தாவது மனுவைக் கொண்டு வந்தாள். இந்தத் தடவை மனுசங்க பேரில். தாள் மழையில் ஊறி, எழுத்து பாதி கரைந்திருந்தது. சின்னவன் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறான், திரும்பி வரும்போது படுக்க ஓரிடம் வேண்டும் என்று மிச்ச எழுத்தில் படிக்க முடிந்தது.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்தத் தாளை என் கைக்குட்டையால் ஒற்றி, ஹீட்டருக்குப் பக்கத்தில் காயவைத்து, சுருக்கம் நீக்கி, என் மேசை இழுப்பறையில் மற்றப் பதினாலு மனுக்களுக்கு மேலே படுக்க வைத்தேன். எட்டு வருடமாகிறது, அந்த இழுப்பறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்க நான் விட்டதில்லை.