முன்கண்ணாடிக்குப் புது ஜெட் மாட்டிய விவரம்

ஆரணி,
வியாழக்கிழமை காலை.

அம்பத்தூரில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் மைத்துனர் திரு. பார்த்திபன் அவர்களின் சமூகத்துக்கு, ஆரணிப் பட்டு வியாபாரி தனக்கோடி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம், தங்கள் அக்கா மணிமேகலை சுகம், கார் சுகம். அங்கு தாங்களும் கீதாவும் குழந்தைகளும் அவ்விதமே சுகமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் மூவருடைய விருப்பம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "மீட்டிங் மாமா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். இன்று கூரியரில் போட்டால் சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நீ ஓர் ஆளை அழைத்து வந்து என் காரை விற்றுக் கொடுக்கப் போகிறாய் என்று உன் அக்கா சொல்கிறாள். அந்த ஆளை வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். காரணங்களைக் கீழே விளக்கியிருக்கிறேன். எல்லாம் அசைக்க முடியாத காரணங்கள்.

உன் அக்கா உன்னிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். எங்கள் தெரு நெசவாளர் தனசேகரனின் பாவு சமாசாரத்தைச் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். போன வாரம் ஒரு நாள் காலையில் தனசேகரன் தெருவின் நீளத்துக்கும் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிப் பாவு விரித்திருந்தார். நான் வெயிலுக்கு எதிரே வந்துகொண்டிருந்தேன். வெயில் பட்டதும் காரின் முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. தெருவும் தெரியவில்லை, பாவும் தெரியவில்லை, தனசேகரனும் தெரியவில்லை. அவர் கத்தியதுதான் கேட்டது. உடனே பிரேக் அடித்தேன். பாவுக்கும் பம்பருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. இருந்ததா இல்லையா என்று தனசேகரனையே கேள், இருந்தது என்பார். ஆனால் அவர் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. "இன்னா தனக்கோடி, கண்ணு தெரிலயா? மூணு பொடவ பாவு இது! அறுந்திருந்தா இன்னா ஆவறது?" என்று தெருவே கூடும்படி கேட்டார். உன் அக்காவும் வந்து நின்றாள். "வண்டிய வித்துடலாம். என் தம்பி வந்து எடுத்துகினு போவட்டும்" என்று அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள். நான் கெஞ்சவில்லை, விளக்கினேன். கடைசியில் ஒரு வாய்ப்பு கொடுத்தாள். "தேவிகாபுரத்துக்கு முகூர்த்தப் பொடவ குடுக்கப் போவணும் இல்ல? சன்னலுக்கு வெளிய தலைய நீட்டாம ஓட்டிக் காட்டுங்க. அப்பால பேசலாம்."

மச்சான், ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். கல்யாணப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனவன் நான். பக்கத்தில் நிற்பவர் கையில் வடை இருக்கிறதா, வாயில் வெற்றிலை இருக்கிறதா என்று போளூர் வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டு போவேன். கார் வந்த பிறகுதான் பெண் வீட்டார் வாசலுக்கு வந்து "வாங்க" என்றார்கள். புடவைக்கு முன் சீட், அதற்குப் பெல்ட், உன் அக்காவுக்குப் பின் சீட் என்று வைத்திருக்கிறேன். காரை விற்றால் எனக்கு வருத்தமாக இருக்கும். ரொம்பவே வருத்தமாக இருக்கும். இதை உன் அக்காவிடம் சொல்லாதே.

கோளாறு எங்கே என்று நான் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சும் ஜெட். பழைய காரில் அது இரண்டு சின்னத் துளை. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு அடைத்து, ஒன்று அழுதுகொண்டிருந்தது, இன்னொன்று பக்கத்துக் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தது. இப்போது வரும் கார்களில் விசிறி ஜெட் இருக்கிறது, பூந்தூறலாகக் கண்ணாடி முழுக்க விரித்து அடிக்கும். அதை வாங்கிக்கொண்டு மெக்கானிக் அருள்தாஸிடம் போனேன். அவர் ஜெட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "மொதலாளி, நான் ஒரு தபா உள்ள ஒக்காந்து பாத்துடறேனே" என்றார். கிரீஸ் பேன்டோடு என் காரில் உட்காருவதா? முகூர்த்தப் பட்டு உட்காரும் வண்டி அது. "உள்ள இன்னாயா கீது பாக்க? தண்ணி வெளிய தான அடிக்குது?" என்று கேட்டேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானெட்டுப் பக்கம் போய்விட்டார்.

புது ஜெட்டுக்குப் பழைய மோட்டாரின் வேகம் போதவில்லை. ஆகவே மோட்டாரையும் மாற்றினேன். புது மோட்டாரின் வேகத்துக்குப் பழைய டியூப் தாங்கவில்லை, கழன்று ஓடியது. ஆகவே டியூபையும் மாற்றினேன். இதற்குப் பெயர்தான் முழுமையான வேலை. வீட்டு வாசலில் நிறுத்தி முதல் முறை அழுத்தியபோது தண்ணீர் கண்ணாடியில் ஒரு சொட்டுகூடப் படாமல் காரின் கூரையைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. அங்கே எதிர்வீட்டுப் பொண்ணு பாஞ்சாலை மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தது. வானத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வெயிலு இப்டி அடிச்சிகினு கீது, மழ எங்கருந்து வருது?" என்று என்னிடமே கேட்டது. கிழக்கிலிருந்து என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு ஊசியால் ஜெட்டின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே திருப்பினேன். வாழ்நாள் முழுதும் இழை பார்த்த கை இது, அருள்தாஸ் நடுவில் வரவே இல்லை.

அடுத்து டேங்கில் என்ன ஊற்றுவது என்ற கேள்வி. கடையில் நீலமாக ஒரு தண்ணீர் விற்கிறார்கள். அது எதற்கு? நம் வீட்டுப் பின்கட்டில் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் அண்டா நிறைய இருந்தது. சொரசொரவென்று உள்ளே போகும் பட்டு அந்தத் தண்ணீரில்தான் பளபளவென்று வெளியே வருகிறது. பட்டையே மினுக்குகிற தண்ணீர் கண்ணாடியை மினுக்காதா? சூடாகவே ஊற்றினேன். மறுநாள் காலை அழுத்தினால் ஜெட்டிலிருந்து தண்ணீர் வரவில்லை. கொழகொழவென்று ஏதோ ஒன்று மெதுவாக எட்டிப் பார்த்து, கண்ணாடியில் படுத்துக்கொண்டது. அவசரத்தில் வைப்பரைப் போட்டேன். அது பாதி தூரம் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அருள்தாஸ் டேங்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். "மொதலாளி, உண்மைய சொல்லுங்க. வெண்டிக்கா கொயம்பு தான ஊத்துனீங்க?" என் திண்டாட்டத்தை உன் அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பட்டுல இருந்த பசை எங்க போச்சுன்னு நெனச்சீங்க? காசிக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், பசை முழுவதும் அந்தத் தண்ணீரில் இறங்கியிருந்தது. ஆனால் இந்தச் சோதனையை ஆரணியில் இதுவரை எவரும் செய்து பார்க்கவில்லை என்பதையும் நீ கவனிக்க வேண்டும். வெந்நீர் விட்டு எல்லாவற்றையும் அலசி, கடைத் தண்ணீரையே வாங்கி ஊற்றினேன். விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் நான் விட்டுக்கொடுப்பவன்.

நேற்று பிற்பகல் தேவிகாபுரம் பயணம். புறப்படும் முன் வழக்கம்போல் கதவுக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி மூடி, உள்ளே நன்றாகச் சாம்பிராணி காட்டினேன். முகூர்த்தப் புடவை பெண் வீட்டில் மணத்தோடு இறங்க வேண்டும், அது நம் கடையின் மரியாதை. புடவை முன் சீட்டில் பெல்ட்டோடு, உன் அக்கா பின் சீட்டில் ஒரு துண்டோடு. ஊரைத் தாண்டியதும் சாய்ந்த வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்ணாடி வெளுத்தது. இதற்காகத்தானே காத்திருந்தேன்? அழுத்தினேன். ஆகா, மச்சான், அந்தக் காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும்! இரண்டு ஜெட்டும் விசிறியாக விரிந்து கண்ணாடி முழுவதையும் ஒரே வீச்சில் நனைத்தன. வைப்பர் வழித்தது. ஒரு தூசி இல்லை. ஆனாலும் கண்ணாடி வெளுப்பாகவே இருந்தது. ஏன் என்று யோசித்தேன், உடனே விளங்கிவிட்டது. வெளியே அவ்வளவு சுத்தமாகிவிட்டதால் வெயில் தடையே இல்லாமல் முழுசாக உள்ளே வருகிறது. ஜெட் தன் வேலையை அளவுக்கு மேல் செய்துவிட்டது!

ஆகவே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே போனேன். அதில் கொஞ்சம் கூரைக்கு மேலே போயிருக்கிறது. பின்னால் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி பைக்கில் வந்த புருஷனும் பெண்சாதியும் எங்களை மறித்து நிறுத்தினார்கள். "யோவ், காரு ஓட்றியா, தண்ணி லாரி ஓட்றியா?" என்று அவர் கேட்டார். அவர் சட்டை நெஞ்சு வரை நனைந்திருந்தது. கூரைக்கு அப்பால் அவ்வளவு தூரம், அதுவும் வண்டி ஓடும்போது! புது ஜெட் என்று சொன்னேன். அவர் சொன்னதை எழுத முடியாது. உன் அக்காதான் இறங்கி, "கோவிச்சிக்காதீங்க, அவருக்கு வண்டி மேல கொஞ்சம் ஆச ஜாஸ்தி" என்று சொல்லித் துண்டு கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

தலையை வெளியே நீட்டினேனா என்று நீ கேட்பாய். ஒரே ஒரு முறை. அதுவும் ரோட்டைப் பார்க்க இல்லை. ஓரத்தில் தெரிந்தவர் ஒருவர் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார், வணக்கம் சொல்வதற்காக நீட்டினேன். "அது ஆளு இல்லிங்க, மைலு கல்லு" என்றாள் உன் அக்கா. மரியாதை செய்ததில் என்ன குறை? புடவை நல்ல நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்ணின் அம்மா மடிப்பைப் பிரித்து முகர்ந்து பார்த்து, "கோயில் வாசன வருது" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இதற்காகத்தான் இந்தக் கார்.

ஆகவே, ஒன்று, ஜெட் வெற்றி. இரண்டு, பயணம் வெற்றி. உன் அக்கா இன்னும் தீர்ப்பு சொல்லவில்லை, ஆனால் அவள் மௌனமாக இருந்தால் பாதி சம்மதம் என்று உனக்கே தெரியும். நீ வாங்க வருகிறவரிடம் கார் ஏற்கெனவே தக்க கைகளில் இருக்கிறது என்று சொல்லிவிடு. மிச்சமிருக்கும் வெளுப்புக்கு இன்னும் இரண்டு ஜெட் கூட்டி நாலாக அடித்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். உங்கள் கம்பெனிப் பக்கம் நல்லதாகக் கிடைத்தால் வாங்கி வா.

கீதாவுக்கு என் ஆசிகள். குழந்தைகள் படிப்பிலும் உடம்பிலும் குறைவில்லாமல் வளர அம்மன் துணையிருக்க வேண்டும். உன் வீட்டு விளக்கு எந்நாளும் எரிய வேண்டும். மற்றவை நேரில்.

இப்படிக்கு,
காரின் சொந்தக்காரனும் உன் மாமாவுமான
தனக்கோடி

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். கூரியர் கடையில் நிற்கிறேன், பேனா கடைக்காரருடையது. மார்க்கெட்டுக்குப் போகணும் என்று உன் அக்காவும் கூட வந்தாள். இன்றைக்குப் புடவை இல்லையே, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இந்தக் காரில் அவள் முன்னால் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெயில் எதிரே வந்ததும், "இன்னாங்க இது, உள்ள இவ்ளோ பொக படிஞ்சி கீது?" என்று முந்தானையை விரலில் சுற்றி, கண்ணாடியின் உள்பக்கம் ஓர் இழுப்பு இழுத்தாள். அந்த இழுப்பு வழியாகத் தெரு தெரிந்தது, மச்சான். கடைப்பலகை எழுத்து தெரிந்தது, மாடு தெரிந்தது, மாட்டின் கொம்பில் அடித்த சாயம் தெரிந்தது. முந்தானை கறுப்பாகிவிட்டது. அத்தனையும் நான் கண்ணாடியை ஏற்றி ஏற்றிக் காட்டிய சாம்பிராணிப் புகை. வெளியே எத்தனை ஜெட் வைத்தாலும் அது உள்ளே வராது என்பது இப்போது எனக்குத் தெரியும், அருள்தாஸுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

உன் அக்கா முழுக் கண்ணாடியையும் துடைத்து முடித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். நானும் சிரித்தேன், எனக்குக் கொஞ்சம் அழுகையும் வந்தது. பிறகு கூரியர் கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் சாவியை உருவிக்கொண்டாள். "வண்டி மேல ஒரு தப்பும் இல்லிங்க. விக்க வேணாம். இனிமே நான் ஓட்டறேன்." பக்கத்திலேயே டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. உள்ளே போய் ஜல்தியாகப் பேரைக் கொடுத்துவிட்டு, வாத்தியாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். பேச்சுச் சத்தம் இங்கே கேட்கிறது.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை ஆள் வேண்டாம், ஜெட் வேண்டாம். எல் போர்டு இரண்டு வாங்கி வா. முடிந்தால் சனிக்கிழமையே வா. சாவி அவளிடம் இருக்கிறது, லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது, வீட்டுக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.