போச்சா கம்பவுண்டரும் துரையின் நாயும்

போடி மலையில், எதிரே வருகிறவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காத ஒரே மனிதர் போச்சா கம்பவுண்டர்தான். அவர் கேட்பது, "ஒண்ணுக்குப் போச்சா?" தலைவலி என்று வந்தவனிடமும் கேட்பார், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவரிடமும் கேட்பார். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ரைட்டராக இருந்த பாவத்துக்கு, அவருடைய ஆஸ்பத்திரியை ஒட்டித்தான் எனக்கு அறை.

தோட்டத்துத் துரையின் வேட்டைநாய் டைகரைக் காட்டுப்பன்றி இடுப்பில் மோதித் தூக்கியெறிந்தது. மறுநாள் ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. வயிறு உப்பி, நாய் முனகிக்கொண்டு கிடந்தது. துரை துப்பாக்கியை எடுத்துவிட்டார். கம்பவுண்டர் குறுக்கே விழுந்து, சனிக்கிழமை வரை தவணை வாங்கினார். அதற்குள் தானாக மூத்திரம் போகாவிட்டால் குண்டுதான்.

"என்ன கோளாறு கம்பவுண்டரே?" என்று கேட்டேன்.

"முதுகெலும்புக்குள்ளாற நரம்பு ஓடுது அப்பு. ஒண்ணு 'அடக்கு'ங்கும், ஒண்ணு 'விடு'ங்கும். பன்னி இடிச்சதுல விடச்சொல்ற நரம்பு மயங்கிக் கெடக்கு. அது முழிக்கிற வரைக்கும் நாமதேன் அமுக்கி விடணும்."

அப்புறம் என்ன, வேளை தவறாமல் நாய் வயிற்றை அமுக்கும் திருப்பணி. காய்ச்சல்காரன் நாக்கை நீட்டியிருப்பான். "உள்ள போட்டுறாதே, வெரசா வந்துர்றேன்" என்று ஓடிவிடுவார். அமுக்கும்போது, குழந்தைக்குச் செய்வதுபோல் "ஸ்ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம் வேறு. அதைக் கேட்டு, மருந்துக்கு நின்ற வரிசை ஒவ்வொருவராகப் புதர்ப்பக்கம் நழுவும். கடைசியில் நாயும் நானும்தான் மிச்சம். உண்மையைச் சொன்னால், நானும் இல்லை.

வெள்ளிக்கிழமை வரை கை வைக்காமல் எதுவும் வரவில்லை. மனிதர் சோற்றைத் தொடவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஒரு நாய்க்கா இந்தப் பாடு?"

"வாயில்லாத சீவன் அப்பு. முட்டிக்கிட்டு நிக்கிற வலிய அது யாருகிட்டப் போயிச் சொல்லும்?"



சனிக்கிழமை காலை துரை துப்பாக்கியோடு வந்தார். குளிருகிறதே என்று என் கம்பளியை உருவி, அதன்மேல் நாயைப் படுக்க வைத்திருந்தார் கம்பவுண்டர். துரையைப் பார்த்ததும் டைகர் வாலை ஆட்டியது. தள்ளாடி எழுந்தது. பின்னங்காலை அகட்டியது. அடடா! யார் கையும் படாமல், கம்பளி முழுக்க!

துரை துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினார். கம்பவுண்டர் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, "என்னப் பெத்த அய்யா!" என்று நாயைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மலைக்குளிருக்கு எனக்கிருந்த ஒரே கம்பளி அது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனுசன் முகத்தைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் போடா ராசா" என்று நாயின் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.