ராய் எனக்கு விற்க மறுத்த ரிவால்வர்

டெக்ஸாஸில் துப்பாக்கி வாங்கப் போய், கடைக்காரரே "உனக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பிய ஆள் நான். எண்பதுகளில் ஹூஸ்டனில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதற்கு எவ்வளவு திறமை வேண்டும் என்று சொல்வார்கள். (தூண்டில் முள் வாங்க வந்தவர்கள் போகிற போக்கில் துப்பாக்கியும் வாங்கிக்கொண்டு போன காலம் அது.)

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் என்ஜினியர். கல்யாணமாகி, கோமதி திருச்சியிலிருந்து வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்களுக்குக் கீழ் அபார்ட்மென்ட்டில் பட்டப்பகலில் திருடன் புகுந்துவிட்டான். அன்றிலிருந்து நான் வேலைக்குக் கிளம்பியதும் கோமதி கதவுச் சங்கிலியை மாட்டுவாள், சாப்பாட்டு மேஜையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுப்பாள், சாயங்காலம் நான் வந்து குரல் கொடுக்கும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருப்பாள். கார் ஓட்டத் தெரியாது. பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அழுதாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன், அவள் அழவும் இல்லை. சிரிப்பதுதான் சுத்தமாக நின்றுபோயிருந்தது.

ஒருநாள் எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "டிக்கெட் அனுப்பச் சொல்லி அப்பாவுக்கு லெட்டர் போடப்போறேங்க. பொங்கலுக்கு ஊர்ல இருக்கணும்" என்றாள். திரும்பி வருவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

மூளையுள்ள கணவனாக இருந்தால் ஒரு வாரம் லீவு போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். நான் நடராஜனிடம் போய் யோசனை கேட்டேன். நடராஜன் என்னோடு வேலை பார்த்தவன், எனக்கு ஆறு வருஷம் முன்பே டெக்ஸாஸுக்கு வந்தவன். கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவான். "இந்த ஊர்ல ஒரே வழிதான்டா, ஒரு நல்ல ரிவால்வரா பார்த்து வாங்கிடு" என்றான். நல்ல ரிவால்வர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அவன் அதுவரை ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே நானே ஒரு அட்டவணை தயாரித்தேன். கல்யாணமான புதிதில் பிரஷர் குக்கர் வாங்கப் போட்ட அட்டவணை ஒன்று கைவசம் இருந்தது. தலைப்பை மட்டும் மாற்றினேன். எடை, கைப்பிடி, துரு பிடிக்குமா, உதிரி பாகம் கிடைக்குமா என்ற வரிகள் எல்லாம் அப்படியே பொருந்தின. 'விசில்' என்பதை அடித்துவிட்டு 'சத்தம்' என்று எழுதினேன்.

சனிக்கிழமை காலையில் இருவருமாகத் துப்பாக்கிக் கடைக்குக் கிளம்பும்போது கோமதி வாசலில் நின்றுவிட்டாள். சனிக்கிழமை யாராவது இரும்பு வாங்குவார்களா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, மற்ற நாளெல்லாம் எனக்கு வேலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வராக வாங்கிவிடலாம், அது எவர்சில்வர், இரும்பு இல்லை என்று ஒரு போடு போட்டேன். (கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கியவளிடம் இதைச் சொன்னேன்.) அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.

கடைக்காரர் பெயர் ராய். ஆறடி உயரம், அதற்கேற்ற தொந்தி, வெள்ளை மீசை. கவுன்ட்டரில் பச்சைத் துணி ஒன்றை விரித்து, ரிவால்வர்களை ஒவ்வொன்றாக எடுத்து, திறந்து, காலி என்று காட்டி, துணியில் வைத்தார். கோமதியின் முகம் மாறியதை அப்போது கவனித்தேன். அமெரிக்கா வந்ததிலிருந்து எல்லாக் கடையிலும் நாமே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நாமே எடுத்துக்கொள்வதுதான். ஒரு மனிதர் நமக்கு எதிரில் நின்று, பொறுமையாகச் சரக்கை எடுத்துக் காட்டிய முதல் கடை அதுதான். அவளுக்கு ஜவுளிக்கடை ஞாபகம் வந்துவிட்டது.

அதை எடுக்கச் சொன்னாள், இது வேண்டாம் என்றாள், ஓரமாக இருந்ததை மறுபடி பார்க்கவேண்டும் என்றாள். எல்லாம் என் காதோடு தமிழில்தான், ராயிடம் நான் சொல்லவேண்டும். ஒன்றை விரலால் தட்டிச் சத்தம் கேட்டாள். கைப்பிடியில் இன்னும் கொஞ்சம் வெளிர் நிறம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். பெயர் வெட்டித் தருவார்களா என்று விசாரிக்கச் சொன்னாள். பதினெட்டு ரிவால்வர் துணிமேல் வந்துவிட்டன. என் அட்டவணை பாக்கெட்டிலேயே கிடந்தது. கடைசியில் எவர்சில்வராக, மரக் கைப்பிடி போட்ட சின்னதாக ஒன்றைக் காட்டி, "இது லட்சணமா இருக்குங்க" என்றாள்.

நான் பாரத்தில் பெயர், விலாசம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ராய் அந்த ரிவால்வரை இன்னொரு தடவை திறந்து காலி என்று பார்த்துவிட்டு, பிடி சரியாக இருக்கிறதா பார் என்று என் கையில் கொடுத்தார். பேச்சுவாக்கில், எதற்காக வாங்குகிறாய் என்றும் கேட்டார். நான் உண்மை விளம்பி. "என் மனைவி என்னை விட்டுப் போகப்போகிறாள். அதனால்தான் இது தேவைப்படுகிறது" என்று திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன்.

ராயின் மீசை அப்படியே நின்றது. நான் அதைக் கவனிக்கவில்லை. புதுப் பொருள் கைக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? முதல் சம்பளக் கவரானாலும் சரி, புது வேட்டியானாலும் சரி, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நானும் ரிவால்வரை இரண்டு கையாலும் ஏந்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன். மனசுக்குள் பிள்ளையாரை நினைத்து, பயபக்தியோடு முதலில் வலது கண்ணருகே கொண்டுபோனேன்.

இடது கண்ணுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. காலி என்று தானே பார்த்துக் கொடுத்ததையும் மறந்து, அந்தத் தொந்தியோடு ராய் எப்படிக் கவுன்ட்டரைத் தாண்டினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கண்ணைத் திறந்தபோது நான் மல்லாக்கக் கிடந்தேன், என்மேல் அவர். ரிவால்வர் என் காலடியில் விழுந்து, செருப்புக் காலில் பட்டது. சாமி குற்றம் ஆகிவிடுமே என்று அதைத் தொட்டுக் கும்பிடக் கையை நீட்டினேன். நான் மறுபடியும் அதை எடுக்கப் பார்க்கிறேன் என்று நினைத்து, ராய் என் நெஞ்சின்மேல் நன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டார். கடையில் இருந்த இரண்டு பேர் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. கோமதி சிரித்துக்கொண்டிருந்தாள். கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்தமுடியாமல் சிரித்தாள். புருஷன் சாகத் துணிந்தபோது இப்படிச் சிரிக்கிற பெண்ணை ராய் பார்த்திருக்கமாட்டார். என்னைப் பார்த்து "ஐயோ பாவம்" என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அந்தச் சிரிப்பைக் கேட்க நான் எத்தனை நாளாக ஏங்கியிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. இன்னும் ஐந்து நிமிஷம் அவர் என்மேல் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

பிறகு கோமதி மூச்சு வாங்கி, அமெரிக்கா வந்து முதல்முறையாக ஒரு அந்நியரிடம் ஆங்கிலத்தில் பேசினாள். "அவர் சாகப் பார்க்கலை சார். சாமி கும்பிடறார்."

ராய் நம்பவில்லை. எழுந்து, என்னையும் எழுப்பி உட்காரவைத்து, காகிதக் கோப்பையில் காபி கொடுத்து, பாரத்தை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எந்தத் துப்பாக்கியும் எனக்குக் கிடையாது, வேறு கடைக்குப் போனாலும் போன் பண்ணிச் சொல்லிவிடுவேன் என்றார். வழக்கத்தை விளக்கினேன். காபியைக் கையில் வைத்து நடித்தும் காட்டினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கோமதி சங்கிலி இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் கையில் பீச் பழப் பையோடு நின்றிருந்தார். ராயின் மனைவி டோரத்தி. பாரத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்து, இந்தப் பையனை விட்டுப் போகாதே என்று கோமதியிடம் எடுத்துச் சொல்ல வந்தாராம். கோமதி மேஜையை நகர்த்தி, சங்கிலியைக் கழற்றி, உள்ளே கூப்பிட்டு டிகாக்‌ஷன் காபி கொடுத்தாள்.

டோரத்தி வியாழக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த திங்கட்கிழமையும் வந்தார். என் மனநிலையை விசாரிப்பதற்காகத்தான் வந்தார். பேச்சு எப்படியோ ரசப்பொடிக்கும் கார் ஓட்டுவதற்கும் போய்விட்டது. அவருடைய லாரி மாதிரி வண்டியில்தான் கோமதி டிரைவிங் கற்றுக்கொண்டாள். மேஜை அதன் இடத்துக்குத் திரும்பியது. பொங்கல் வந்தபோது டோரத்தியும் ராயும் எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டிக்கெட் கேட்டுப் போடப்போவதாகச் சொன்ன லெட்டர் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

எங்கள் மகள் மீனாவுக்கு இந்தக் கதை பால்குடித்த நாளிலிருந்தே பழக்கம். நான் புதுக் கார் சாவியைக் கையில் எடுத்தால்கூட இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "மெதுவா கீழ வைங்கப்பா" என்பாள். அவள் சொல்கிற ஒரே முழுத் தமிழ் வாக்கியம் அதுதான்.

ராய் போய்ப் பல வருஷம் கழித்து, தொண்ணூறு தாண்டி டோரத்தி படுக்கையில் இருந்தபோது பார்க்கப் போனோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதெல்லாம் அந்த எண்ணம் வருவதில்லையே என்று கேட்டார். எத்தனையோ வருஷமாக அவருக்கு விளக்கிக்கொண்டே இருந்தவன் நான். அன்று விளக்கவில்லை. "நீங்க எங்க வீட்டுக்கு வந்த நாளிலேர்ந்து வரலை ஆன்ட்டி" என்றேன். அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து காரில் ஏறியதும் கோமதி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தேன்.

"அவங்க ஒரு உயிரைக் காப்பாத்தினது நிஜம்தாங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆள்தான் நீங்க இல்லை."