போல்ஸ்குரூ அண்ணையும் இடியப்ப அச்சும்

ரொறொன்ரோவில் இரும்பைக் குளிப்பாட்டி, ஈரம் துவட்டி, துவாயில் சுற்றிப் படுக்கவைத்த ஒரே மனிதர் எங்கள் போல்ஸ்குரூ அண்ணைதான். வேறு யாராவது இருந்தால் அவருடைய மனைவிக்கு என் அனுதாபங்கள்.

மல்வேர்னில் அவருடைய வீட்டு பேஸ்மென்றில் நான் வாடகைக்கு இருந்தேன். அதாவது, பாதி பேஸ்மென்றில். மறுபாதியில் அவருடைய மெஷின் இருந்தது. தானாக ஓடித் தகட்டில் துளை போடும் மெஷின் ஒன்றை அண்ணை சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார். நான் குடிவந்த அன்றே, "முடியப்போகுது தம்பி" என்றார். என் தாடி நரைக்கத் தொடங்கியபோதும் அதையேதான் சொன்னார்.

போல்ஸ்குரூ என்பது மரை போட்ட நீளக் கம்பி. அதில் ஓடும் நட்டுக்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் உருளும். அதனால் நட்டு வழுக்கிக்கொண்டு போகும். தொழிற்சாலைகள் கழித்துப் போடுவதை அண்ணை தன் மெஷினுக்காகத் தேடி வாங்கி வருவார். உள்ளே பழைய கிறீஸ், கிண்டி ஆறவைத்த தொதல் மாதிரி இறுகிப்போயிருக்கும். நான் அக்கா என்று கூப்பிடும் தன் மனைவியின் கேக் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரை மரையாகத் தேய்ப்பார்.

ஒருநாள் காலை என் பல்லுப் பிரஷில் மண்ணெண்ணெய் மணந்தது. போய்க் கேட்டேன்.

"உம்மடை பிரஷ் நல்ல மெத்து தம்பி. ஸ்குரூவுக்கு நோகாது" என்றார். என் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுத்தம் செய்து முடிந்ததும் ஒரு பரீட்சை உண்டு. கம்பியை நிமிர்த்திப் பிடிப்பார். யாரும் தொடாமலே நட்டு தன் பாட்டில் சுழன்று கீழே இறங்கவேண்டும். இறங்கினால் அன்று அண்ணைக்குச் சாப்பாடு தேவையில்லை. பார்சல் கொண்டுவந்த பையனைக்கூட மறித்துவைத்து இதைக் காட்டியிருக்கிறார். அவன் அதன்பிறகு பார்சலை வாசலில் எறிந்துவிட்டு ஓடத் தொடங்கினான்.

வீடு மந்திரிக்க பாதர் வந்த அன்று குசினியில் ஒரு நட்டு கழன்று, குண்டுகள் எல்லாம் சிதறிவிட்டன. பாதர் நுழைந்தபோது அண்ணை முழங்காலில் நின்று, நெற்றி நிலத்தில் முட்ட, பிரிட்ஜுக்கு அடியில் காந்தம் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். இப்படியொரு பக்தியைப் பாதர் கண்டதில்லை. கண் கலங்கி, அவர் தலையில் கைவைத்து நீளமாக ஒரு செபம் சொன்னார்.

"ஆமென்" என்றார் அண்ணை. "பாதர், அப்பிடியே ஆடாமல் நில்லுங்கோ. உங்கடை சப்பாத்துக்குக் கீழை ஒண்டு கிடக்கு."

அன்றுதான் அக்காவின் பொறுமை முடிந்தது. கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, நத்தாருக்குள்ளை உந்த மெஷின் உருப்படியா ஒரு சாமான் செய்யவேணும். இல்லாட்டி உந்தக் கம்பியள் முழுக்கப் பழைய இரும்புக்குப் போகும். சொல்லிப்போட்டன்."

"என்ன வேணும், சொல்லும்."

"இடியப்ப அச்சு. என்ரை வெடிச்சுப்போச்சு."

அண்ணை வெலவெலத்துப்போனார். அத்தனை காலமும் அந்த மெஷின் எதையும் செய்யவேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. பாவமாக இருந்தது எனக்கு. வேலை முடிந்து வந்தால் சாப்பிடாமல்கூடப் பேஸ்மென்றுக்கு இறங்கிவிடுவார்.

நத்தாருக்கு முதல்நாள் மெஷின் உண்மையாகவே ஓடியது. பித்தளைத் தகட்டில் ஊசித் துளைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரிசையாக விழுந்தன. அண்ணை மூச்சு விடவில்லை. மேலே அக்கா, மனுஷன் பசியோடு நிற்கிறாரே என்று தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்திலைப் போட்டார். மெஷினும் கேத்திலும் சேர்ந்து இழுத்ததில் பிரேக்கர் விழுந்தது. பேஸ்மென்றும் இருண்டது.

கரண்ட் இருக்கும்வரைதான் மோட்டார் துளை போடும் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கும். அந்தக் கனமான தலை தொங்கியதோ அண்ணை தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த ஸ்குரூவில். அது சுழன்றுகொண்டே இறங்கி, தகட்டின் நட்டநடுவில் பொத்தென்று விழுந்தது.

நான் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு பெரிய கிழிசல்.

"பாத்தீரே தம்பி, என்ன மாதிரி இறங்கிச்சுது!" என்றார் அண்ணை. பிறகுதான் தகட்டைக் கண்டார். படியில் இருந்துவிட்டார்.

கிழிசலை வட்டமாக அராவி, பிழிந்துபோன முகத்தோடு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா அச்சை உரலில் போட்டு மாவைப் பிழிந்தார். சுற்றிவர நூல் நூலாக இடியப்பம். நடுவில் கயிறு மாதிரி ஒன்று இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"கம்பியளைப் பழைய இரும்புக்கு எப்ப ஏத்துறது?" என்று அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"ஏன் ஏத்துவான்? அச்சுக் கேட்டன், தந்திட்டியள். கேத்திலைப் போட்டது நான்தானே. இருந்து சாப்பிடுங்கோ."

நத்தார் விருந்தில், "உதென்ன நடுவிலை மொத்தமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எங்கடை வீட்டு இடியப்பம் உப்பிடித்தான்" என்று அக்கா தலை நிமிர்த்திச் சொன்னார்.

இப்போது நான் வீடு மாறி மோர்னிங்சைட்டில் இருக்கிறேன். இடியப்பத்தைக் கடையில்தான் வாங்குகிறேன். தட்டில் போட்டதும் விரல் தானாக நடுவைக் கிளறிப் பார்க்கிறது. எல்லாம் ஒரே மெல்லிசாக இருக்கும். உடனே அண்ணையைப் பார்க்கவேண்டும் போலிருக்கும்.