செயலாளர் கடித்த குண்டு

அந்தச் சனிக்கிழமை நடந்ததை வரிசைப்படி எழுதிவிடுகிறேன்.

1. காலை பத்தரைக்கு, நான் வீட்டில் செய்த துப்பாக்கிக் குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டியது.
2. பதினொன்றுக்கு மின்சாரம் போனது.
3. பதினொன்று ஐந்துக்கு, அதே குண்டின் வேகம் கால்வாசியாகக் குறைந்தது.
4. பதினொன்றரைக்கு, எங்கள் கிளப் செயலாளர் அந்தக் குண்டுகளில் ஒன்றைக் கடித்தார்.

இந்த நான்கில் ஒன்றுகூட என் தவறில்லை என்று ஒரு வாரம் வாதாடிப் பார்த்தேன். மின்சாரம் போனது மட்டும்தான் என் தவறில்லை.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்குக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் தரப் பரிசோதனை பார்ப்பது என் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் திருப்பி அனுப்புவேன். (பட்டறையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அது இங்கே வேண்டாம்.) ஞாயிறுதோறும் சேலத்தில் ஒரு கிளப்பில் ஏர் பிஸ்டல் சுடப் பழகுகிறேன். பத்து மீட்டர் தூரத்தில் காகித அட்டை. காற்றழுத்தத்தில் போகும் சின்ன ஈயக் குண்டு. குண்டைக் கடையில் டப்பாவாக வாங்குவார்கள். நான் வாங்கியிருக்கலாம். ஆனால், தானே செய்த குண்டால் சுட்டு மாநிலப் போட்டிக்குப் போனவள் என்று பெயரெடுக்க ஆசைப்பட்டேன். ஈயத்தை உருக்கி, பட்டறையில் கடைந்த அச்சில் ஊற்றி, நாற்பது குண்டு செய்தேன்.

அடுத்த வாரம், மாநிலப் போட்டிக்கு ஆளெடுக்கும் மாவட்டத் தேர்வு. அதில் என் குண்டைப் பயன்படுத்தச் செயலாளரின் அனுமதி வேண்டும். அவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், பொறுமைசாலி. ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டுக்கே வந்து சோதனையைப் பார்ப்பதாகச் சொன்னார்.

வெளிநாட்டு வீடியோ ஒன்றில் குண்டுக்கு இரண்டு சோதனை சொல்லியிருந்தார்கள்: எவ்வளவு வேகமாகப் போகிறது, பட்டபின் எவ்வளவு விரிகிறது. இரண்டையும் பட்டியலில் எழுதிக்கொண்டேன். பட்டியலில் ஏறிவிட்டால் ஏன் என்று கேட்கிற பழக்கம் எனக்கில்லை.

விரிவைப் பார்க்க, குண்டைச் சுட்டு இறக்க ஜெலட்டின் கட்டி வேண்டும். அதை வரவழைக்க நாள் பிடிக்கும். எங்கள் வீட்டிலோ, ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் இருக்கும் மாமா தந்த ஜவ்வரிசி அரை மூட்டை கிடந்தது. குழையக் காய்ச்சி, டிபன் கேரியர் அடுக்கில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். ரப்பர் மாதிரி இறுகியது. சனிக்கிழமை காலை கொல்லைச் சுவரோரம் வைத்து அதில் ஒரு குண்டு சுட்டேன். செயலாளர் முன்னால் அறுத்துக் காட்டலாம் என்று மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பட்டியலில் அது இல்லை.

வேகத்துக்குக் கைபேசிச் செயலி. சுடும் சத்தத்துக்கும், எதிர்ச் சுவரில் சாய்த்த தகரத்தில் குண்டு படும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து அது கணக்குப் போடும். கொல்லையை ஒட்டிய கொட்டகையில் அப்பாவின் நான்கு விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. நிறுத்தச் சொல்லட்டுமா என்று அப்பா கேட்டார். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், எனக்குத் தொந்தரவில்லை என்றேன். (தொந்தரவு உனக்கா, செயலிக்கா என்று அவர் கேட்கவில்லை.)

செயலாளர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுட்டேன். நொடிக்கு நானூற்றுப் பத்து மீட்டர். அடுத்தது நானூற்று முப்பது. நடுவே ஒன்று நூறு காட்டியது. பிழையான பதிவு என்று அடித்துவிட்டேன். துப்பாக்கிப் பெட்டியில் அச்சிட்டிருந்த வேகம் நூற்றைம்பதுதான். கடைக் குண்டையும் இதே கொல்லையில் அளந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பட்டறையில் இப்படி ஒரு அறிக்கை வந்திருந்தால், கொண்டுவந்தவரை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

செயலாளர் மெதுவாகக் கேட்டார். "ஏஞ்சாமி, இது சத்தத்தையே முந்திப் போவுதுன்னு சொல்றயா?"

"ஆமாங்க சார்" என்றேன், தன்னடக்கத்தோடு.

அப்போதுதான் கரண்ட் போனது. நான்கு தறியும் நின்றன. கொல்லையில் ஒரு காக்கை கத்துவது தனியாகக் கேட்டது. சுட்டேன். நூற்றுப் பத்து. மறுபடி சுட்டேன். நூற்று ஏழு.

செயலாளர் கைபேசியைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கரண்டு போனாக் குண்டுக்குமா வேகங் கொறையும்?"

தகரத்தில் பட்ட சத்தத்தையல்ல, தறி அடித்த சத்தத்தைத்தான் செயலி அவ்வளவு நேரமும் எண்ணியிருந்தது. என் குண்டு கடைக் குண்டைவிடச் சோம்பேறி. அப்பா கொட்டகை வாசலில் நின்றுகொண்டு வானத்தை ஆராய்ந்தார்.

அனுமதி கைநழுவுவது தெரிந்தது. விரிவுச் சோதனை பாக்கியிருக்கிறது என்று அவசரமாகச் சொன்னேன்.

"காயிதத்தச் சுடறதுக்குக் குண்டு எதுக்கு சாமி விரியோணும்?"

பதில் யோசித்துக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கட்டி இல்லை. திரும்பி வருவதற்குள் அம்மா செயலாளர் கையில் தட்டைக் கொடுத்துவிட்டிருந்தார். அழகான சதுரத் துண்டுகள். மேலே தேங்காய்ப் பால், வெல்லப் பாகு. வாழ்க்கையில் முதல்முறையாக மகள் விருந்தாளிக்காகப் பலகாரம் செய்திருக்கிறாள் என்று அம்மாவின் கண் கலங்கியிருந்தது. கட்டியில் இருந்த ஓட்டையையும் பார்த்தாராம். வெந்ததா என்று நான் குச்சியால் குத்திப் பார்த்ததாக நினைத்தாராம்.

"எம்புள்ள கையால செஞ்சதுங்க. இன்னும் ரெண்டு துண்டு வெச்சுக்கோங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் வாயை மூடிவிட்டார். 'கடக்'கென்று ஒரு சத்தம். தறி ஓடாததால் துல்லியமாகக் கேட்டது.

"தேங்கா ஓடு ஏதாச்சுங் கெடந்துதுங்களா?" என்றார் அம்மா.

செயலாளர் விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என் குண்டு. கூடவே, அவர் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்டும். கடைவாயில் அகப்பட்டு ஈயம் தட்டையாக நசுங்கியிருந்தது.

"விரிஞ்சிருக்குது, சாமி" என்றார்.

வாயைக் கொப்பளிக்க வைத்து, என் ஸ்கூட்டரிலேயே பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். என்ன கடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "பலகாரமுங்க" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். அனுமதியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

கடைக் குண்டால் சுட்டு, தேர்வில் எட்டாவதாக வந்தேன். ஆறு பேரைத்தான் எடுத்தார்கள். வீட்டில் நான் எதைச் சமைத்தாலும், அப்பா முதல் வாயை மெல்லாமல் வைத்துக்கொண்டு, "பொறு, இன்னும் வெடிக்கல" என்று அம்மாவுக்கு ஜாடை காட்டுகிறார். சொந்தக்காரர்கள் வந்தால் முழுக் கதையும் நடிப்போடு நடக்கிறது. செயலாளர் வேஷம் அம்மாவுக்கு.

கிளப் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வீட்டில் செய்த குண்டுகளுக்கு அனுமதி இல்லை என்பது முதல் வரி. அதன் கீழே, செயலாளரின் கையெழுத்தில்: வீட்டில் செய்த பலகாரங்களுக்கும்.

தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் ஞாயிறுதோறும் சுடப் போகிறேன்.