கேட்டில் எழுதிய வருஷம்

"மேடம், நம்ம காலேஜ் கேட்டுல போட்டிருக்கற வருஷம் தப்பு," என்றான் ரக்ஷித்.

யமுனா ஹெக்டே அப்போது ஸ்டூல் மேல் ஏறி நின்று வரலாற்று அலமாரிக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தாள். ஹொசகெரேயில் ஜூனில் பிடித்த மழை அக்டோபரில்தான் விடும். கல்லூரி நூலகத்தின் ஓட்டுக்கூரை பதினோரு இடத்தில் ஒழுகியது. பதினோரு வாளி வைத்திருந்தாள்.

"எந்த கேட்டு?"

"நம்ம கேட்டுதான் மேடம். தொடக்கம் 1974ன்னு அடி உசரத்துக்கு எழுதியிருக்கே. நான் பாத்த வரைக்கும் 1978."

ஒன்பது வருஷமாக யமுனா இங்கே நூலகர். முதலாண்டுப் பிள்ளைகள் நூலகத்துக்கு வந்தால் இரண்டே காரணம்: போனுக்குச் சார்ஜ் ஏற்ற, இல்லையென்றால் தூங்க. இந்த வருஷம் அவள் பிடிவாதம் பிடித்து வாரத்துக்கு ஒரு மணி நேரம் வாங்கிவிட்டாள், நூலகத்தில் ஒரு விஷயத்தை எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுக்க. சொன்னதும் பெரிதாக ஒன்றுமில்லை. யார் சொன்னாலும் ஒரு வாய்ச் சொல்லை நம்பாதே. அதைவிடப் பழைய காகிதம் இருக்கிறதா என்று பார். எங்கே பார்த்தாய் என்று எழுதி வை. அவ்வளவுதான்.

பிறகு ஆளுக்கொரு கேள்விச் சீட்டு கொடுத்தாள். முதல் வகுப்பிலேயே, "கேட்டலாக்னா கேன்டீன் மெனு மாதிரியா மேடம்?" என்று கேட்டவன் ரக்ஷித். பாவம், பாக்குத் தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளை என்று இரக்கப்பட்டு, இருப்பதிலேயே சுலபமான சீட்டை அவனுக்கு ஒதுக்கியிருந்தாள்: நம் கல்லூரி எந்த வருஷம் தொடங்கியது? பதிலை அவன் தினமும் இரண்டு தடவை கடந்துபோகிறான்.

"எங்க பாத்தே?"

"முதல் சேர்க்கைப் பதிவேடு மேடம். முதல் பக்கம், முதல் பேரு, 1978 ஜூலை மூணு." நோட்டைத் திறந்து காட்டினான். அலமாரி எண்கூட எழுதியிருந்தான்.

யமுனா இறங்கினாள். "அதுக்கு முந்தின பதிவேடு தொலஞ்சிருக்கும்டா. ஒரே ஒரு காகிதத்த வெச்சு முடிவு கட்டலாமா? பின்னாடி ரூம்ல பழைய நியூஸ்பேப்பர் கட்டெல்லாம் இருக்கு. எழுபத்துநாலுலேருந்து ஒவ்வொண்ணா பாரு."

அந்த அறையின் தூசிக்கு யானையே தும்மும். இதோடு ஆள் ஓடிவிடுவான் என்று நினைத்தாள்.

புதன்கிழமை அவன் தனியாக வரவில்லை. கூட நாலு பேர், எல்லோர் மூஞ்சியிலும் கர்ச்சீப். அவர்களுக்குத் தலைவிபோல சிஞ்சனா. வகுப்பிலேயே கூர்மையான பெண் அவள். கேள்வி கேட்டால் பதிலும் அவளே சொல்லிவிடுவாள்.

"கெடச்சிருச்சு மேடம்! எழுபத்துநாலு ஜூன்ல அடிக்கல் நாட்டினாங்க. அவ்ளோதான். அந்த வருஷம் பாக்கு விலை விழுந்துச்சு. நன்கொடை தர்றேன்னவங்க எல்லாம் கைய விரிச்சுட்டாங்க. கல்லு நாலு வருஷம் புதருக்குள்ள கெடந்திருக்கு. எழுபத்தெட்டு ஜூலைலதான் காலேஜ் தொறந்திருக்காங்க, நாப்பத்தோரு பசங்களோட. அஞ்சாம் பக்கம், மூணாவது பத்தி."

"போட்டோவும் இருக்கு மேடம்," என்றான் ரக்ஷித். "மாலைக்குள்ள யாருன்னுதான் தெரியல."

யமுனாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பக்கம், பத்தி எல்லாம் எழுதியிருக்கிறார்களே! அடுத்த நொடி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். கல்லூரியின் பொன்விழாவுக்கு இன்னும் பன்னிரண்டே நாள். அமைச்சர் வருகிறார். ஐம்பது வருஷம் கண்ட கல்லூரிகளுக்கு அரசு புது நூலகக் கட்டடம் கட்டித் தருகிறதாம். பக்கத்துத் தாலுகா கல்லூரி முதல்வர் போனில் சொன்னதை முதல்வர் ஸ்ரீபாத ராவ் அவளிடம் சொன்னார். அது சம்பந்தமான சுற்றறிக்கைகூடப் பெங்களூரிலிருந்து வந்திருந்தது. பதினாலு பக்கம். முதல் பக்கத்தில் 'ஐம்பது வருஷம்' என்றிருந்ததைப் பார்த்ததும் ராவ் கோப்பில் சேர்த்துவிட்டார். புதுக் கட்டடம். கான்கிரீட் கூரை. வாளியே வேண்டாம். யமுனா கனவில்கூட அலமாரிகளை இடம் மாற்றி வைக்க ஆரம்பித்திருந்தாள்.

"நல்லா தேடியிருக்கீங்க. சரி, இத இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்ல வேணாம்," என்றாள்.

மறுநாள் அந்தப் பேப்பர் கட்டைத் தூக்கித் தன் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, "பைண்டிங்குக்குப் போயிருக்கு," என்றாள். சொன்னபோது கால் கட்டின் மேல்தான் இருந்தது.

சிஞ்சனா கொஞ்சமும் அசரவில்லை. "பரவால்ல மேடம். நம்மகிட்ட இல்லன்னா வேற நூலகத்துக்கு எழுதிக் கேக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? பயிற்சிக்குன்னு எட்டு படிவத்துல கையெழுத்துப் போட்டுத் தந்தீங்களே. ஒண்ண மாவட்ட நூலகத்துக்கு அனுப்பிட்டோம்."

யமுனாவுக்குப் பெரிய கவலை வரவில்லை. மாவட்ட நூலகத்துக்கு அவள் எழுதிய கடிதங்களுக்கு ஒன்பது வருஷத்தில் வந்த பதில் இரண்டு. ஆனால் முதலாண்டுப் பிள்ளைகள் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டு அங்கேயும் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. நாலாம் நாள் தடித்த உறை வந்து விழுந்தது. கேட்ட பக்கத்தோடு, கேட்காத ஒன்றும்: 'திறப்பு விழாச் சிறப்பிதழும் இணைத்துள்ளோம். மாணவர்களின் ஆர்வத்துக்கு வாழ்த்துகள்.' அதில் நாற்பத்தோரு பேரின் பெயர்களும் ஊரோடு இருந்தன.

இனி மறைத்துப் பயனில்லை என்று யமுனா முதல்வர் அறைக்குப் போனாள்.

ஸ்ரீபாத ராவ் அழைப்பிதழ் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் பேனாவை மூடினார்.

"யமுனாம்மா, ஒழுங்கா போனுக்குச் சார்ஜ் ஏத்திட்டு இருந்த பசங்க. அவங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரச் சொன்னது யாரு?"

"நீங்கதான் சார் அனுமதி குடுத்தீங்க."

"நான் என்ன நெனச்சேன், ரெண்டு பேரு வருவான், அவனும் தூங்கிடுவான்னு." கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். முகம் தெளிந்தது. "மஞ்சய்யாகிட்ட அனுப்புங்க. முதல் ஹெட் கிளார்க். எண்பத்திரண்டு வயசு. வருஷா வருஷம் நம்ம விழாவுல சால்வை வாங்கறவரு, நம்ம சொல்லத் தட்ட மாட்டாரு. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். பேப்பர்ல அச்சுப்பிழை, நேர்ல பாத்தவரு சொல்றதுதான் உண்மைன்னு முடிச்சிடலாம்."

முதல்வர் போன் பண்ணினார். மஞ்சய்யாவுக்குக் காது மந்தம். "ஆகட்டும், ஆகட்டும்," என்றார்.

சாயங்காலமே பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ரக்ஷித் போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினான். மழை இரைச்சலுக்கு நடுவே மஞ்சய்யாவின் குரல் கணீரென்று கேட்டது:

"எழுபத்துநாலா? அய்யோ மாராயா! அந்த வருஷம் அந்த எடத்துல எருமைதான் படிச்சுது! நான் வேலைக்குச் சேந்ததே எழுபத்தெட்டு. இரு, ஆர்டரைக் காட்டறேன். அதையும் போட்டோ புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

அதற்குள் விஷயம் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. அறுபத்துமூன்று பேரும் நூலகத்தில். நாற்காலி போதாமல் கவிழ்த்த வாளி மேலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஒழுகல் தரையில் ஓடியது. யமுனா ஒன்பது வருஷமாக ஆசைப்பட்ட காட்சி. விழாக் கண்காட்சிக்கென்று ஆளுயர அட்டை ஒன்றும் தயாராகியிருந்தது. மேலே சிவப்பு எழுத்தில்: 'நம் கல்லூரிக்கு வயது நாற்பத்தாறு.'

அட்டையைப் பார்த்த முதல்வர் தண்ணீர் கேட்டார். பிறகு யமுனாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இத நீங்கதான் ஆரம்பிச்சீங்க, நீங்களே முடிங்க. அமைச்சர் ஆபீஸ் காதுக்குப் போறதுக்குள்ள நாமளே ஒரு சான்றிதழ் அனுப்பிடணும். 'பழைய ஆவணங்களைச் சரிபார்த்ததில் கல்லூரி தொடங்கியது 1974 என உறுதியாகிறது. நூலகர்.' நான் சொன்னா அரசியல்னுவான். நூலகர் சொன்னா எவன் கேள்வி கேப்பான்?"

"சார், நான் எப்படி..."

"கூரை வேணுமா, வேணாமா?"

வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. இந்நேரம் கன்னட இலக்கிய அலமாரிப் பக்கம் வாளி நிரம்பியிருக்கும். கையெழுத்துப் போட்டாள். முத்திரை வைத்தாள். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் சான்றிதழ் ஈமெயிலில் பெங்களூருக்குப் போனது.

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து உள்ளதைச் சொன்னாள். கட்டடம், கூரை, வாளி எல்லாம். சிஞ்சனா அட்டையைத் தூக்கிச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க யமுனாவால் முடியவில்லை.

ரக்ஷித் மட்டும் கையைத் தூக்கினான். "மேடம், ஒரே ஒரு சந்தேகம். எங்க பாத்தோம்னு எழுதணும்னு சொன்னீங்கல்ல? சான்றிதழ்ல நீங்க எங்க பாத்ததா எழுதினீங்க?"

யமுனா வாளி ஒன்றை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "கேட்டுல."

யாரோ சிரித்தார்கள். அவள் அன்றிரவு சாப்பிடவில்லை.

பொன்விழா அமர்க்களமாக நடந்தது. மழைகூட இரண்டு மணி நேரம் ஒதுங்கி நின்றது. அமைச்சர் விளக்கேற்றினார். பொன்விழா காணும் இந்தப் பழம்பெரும் கல்லூரி என்று மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் முன்வரிசையில் மஞ்சய்யா, "என்ன சொல்றான்?" என்று பக்கத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "உங்களுக்குச் சால்வை இருக்குங்கறாரு," என்று சமாளித்தார். முதலாண்டுப் பிள்ளைகள் ஓரமாக நின்று கை தட்டினார்கள், கொஞ்சம் மெதுவாக.

கட்டடத்தைப் பற்றி மட்டும் அமைச்சர் வாயைத் திறக்கவில்லை. மாலையைக் கழற்றினார், கும்பிட்டார், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

"மேடையில சொல்ல மாட்டாங்க. உத்தரவா வரும்," என்றார் ஸ்ரீபாத ராவ். ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அந்த உதவியாளர் இன்னும் சாப்பிட்டுட்டுதான் இருக்காரு. வாங்க."

அமைச்சரின் உதவியாளர் புட்டஸ்வாமி, இரண்டாவது கார் வரும்வரை பந்தியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். இலையில் ஹோளிகெ, அந்த ஊர்ப் போளி. பரிமாறிக்கொண்டிருந்த ரக்ஷித்தின் கையிலிருந்து நெய்க் கிண்ணத்தை ராவே வாங்கி, தாராளமாக ஊற்றினார்.

"சார், அந்த நூலகக் கட்டட விஷயம்..."

"அடடா, அதையா கேக்கறீங்க?" புட்டஸ்வாமி ஹோளிகெயைப் பிய்த்தார். "நூலகர் மேடம் நீங்கதானே? உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். பெரிய தப்பு நடக்க இருந்துச்சு. நல்லவேளை, சரியான நேரத்துல சான்றிதழ் அனுப்பினீங்க."

யமுனாவுக்கு மூச்சு திரும்பியது. ராவ் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார்.

"நம்ம கடமை சார்," என்றார். "அப்போ கட்டடம்..."

"ஐம்பது வருஷம் நிறையாத காலேஜுக்குத்தான் சார் கட்டடம், சுற்றறிக்கைல ரெண்டாம் பக்கத்துலயே இருக்கே. எங்க பழைய கோப்புல உங்க காலேஜ் தொடக்கம் 1978ன்னு தப்பா இருந்து, பட்டியல்ல முதல் பேரே உங்களதுதான். நேத்து சாயங்காலம் மேடம் சான்றிதழப் பாத்ததும்தான் அந்தப் பேர அடிச்சோம்."