தானாக அமைந்த கம்பி

"வேலை தெரியாமலா பட்டறை பூட்டிக் கெடக்கு? லைசென்ஸ் இல்லைன்னு சீல் வச்சிட்டாங்க மாப்ளே, அவ்வளவுதான்"னாரு வெல்டர்.

பட்டறை ஏன் பூட்டிக் கெடக்குன்னு கேட்டது அவர் பொண்டாட்டியோட தம்பி. லாரி ஷெட் வச்சிருக்கான். இன்னிக்கும் லைசென்ஸ் கிடைக்கலைன்னா மாமாவைக் கையோட கூட்டிட்டுப் போய் ஷெட்டுக்கு வாட்ச்மேனா உட்கார வைக்கணும்னு அக்கா உத்தரவு. அதனால லைசென்ஸ் கவுண்டர் க்யூவுல கூடவே நின்னான்.

"அப்பவே போய்க் கேக்க வேண்டியதுதானே மாமா?"

"யார்கிட்ட? தொழில் வளரணும்னு, இருந்த ஆபீசையெல்லாம் மூடிட்டு, இனி எல்லா லைசென்ஸும் ஒரே கவுண்டர்லதான்னாங்க. கவுண்டருக்குப் பாதுகாப்புக் கம்பி போடாம திறக்கக் கூடாதாம். கம்பிய லைசென்ஸ் உள்ள பட்டறைதான் செய்யணுமாம்."

"அப்படி ஒரு பட்டறையப் பிடிக்கறதுதானே!"

"எல்லாருக்கும் லைசென்ஸ் முடிஞ்சு போச்சுடா. புதுப்பிக்கணும்னா கவுண்டர் திறக்கணும்."

மச்சினன் எட்டிப் பார்த்தான். முன்னால கவுண்டர் திறந்துதான் இருந்துச்சு, பளபளன்னு கம்பியோட. "அப்போ இது?"

வெல்டர் குரலைத் தாழ்த்தினாரு. "நான்தான்."

சீல் வச்ச அதிகாரியே ஒருநாள் வந்து சீலைப் பிரிச்சாரு. "வளர்ச்சி எங்கேன்னு மேலிடத்துல கேக்கறாங்க. நீங்க செய்யுங்க, ஆனா செய்யாதீங்க"ன்னாரு. லைசென்ஸ் இல்லாத தொழிலாளிக்கு அந்தப் பாஷை நல்லாவே புரியும். கம்பி போய்ச் சேர்ந்துச்சு, பட்டறைக்கு மறுபடி சீல் விழுந்துச்சு. ஃபைல்ல இப்படி எழுதினாங்க: 'மேற்படி கம்பி தானாக அமையப்பெற்றது. செலவினம் ஏதுமில்லை.'

வெல்டர் முறை வந்துச்சு. உள்ள அதே அதிகாரி. முன்னப் பின்ன பார்த்ததே இல்லைங்கற மாதிரி பார்த்தாரு.

"தொழில்?"

"வெல்டிங் சார்."

"அனுபவத்துக்குச் சான்றா, நீங்க செஞ்ச பொருள் ஒண்ணக் காட்டணும்."

வெல்டர் கம்பியத் தடவிக் கொடுத்தாரு. "சார், இது..."

"யோசிச்சுப் பேசுங்க!" அதிகாரிக்கு வேர்த்துடுச்சு. "லைசென்ஸ் இல்லாதவர் செஞ்ச கம்பின்னா இந்தக் கவுண்டரே செல்லாது. இப்பவே மூடணும். காலையிலேர்ந்து வாங்கின மனுவெல்லாம் குப்பைக்குத்தான்."

க்யூவே கொதிச்சுடுச்சு.

"அண்ணே, மாவு பிசைஞ்சு வச்சிட்டு வந்து நிக்கறேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாயை மூடுங்க!"ன்னா பேக்கரிக்காரி.

"உள்ள இருக்கற மேசை நான் செஞ்சதுன்னு சொன்னேனா?"ன்னாரு தச்சர்.

'தொழில் செய்வது இனி சுலபம்'னு மேல ஒரு போர்டு. அதப் பார்த்துட்டு பெயிண்டர் சட்டுன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

வெல்டர் கண்ணு முன்னால பட்டறை வந்துச்சு. ஷெட் வாசல் ஸ்டூலும் வந்துச்சு. திரும்பி க்யூவை ஒரு பார்வை பார்த்தாரு.

"தானா அமைஞ்சதுங்க சார்."

"ஒத்துழைப்புக்கு நன்றி. ஆக, நீங்க செஞ்சதுன்னு எதுவும் இல்லை. அனுபவம் போதாது. அடுத்தது!"

அடுத்து தச்சர். அதே கேள்வி. மேசையவே கொஞ்ச நேரம் பார்த்தாரு. "அது அங்கேயே மொளைச்சதுங்க"ன்னாரு. அவருக்கும் அனுபவம் போதலை.

"வாங்க மாமா, ஷெட்டுக்குப் போலாம்"னு மச்சினன் கையப் பிடிச்சான்.

அப்போ பக்கத்துக் கதவுலேர்ந்து பியூன் தலைய நீட்டினாரு. "வெல்டரண்ணே, கொஞ்சம் பின்பக்கமா வாங்க. க்யூ நீளத்தப் பார்த்து, தொழில் எப்படி வளருது பாருன்னு மேலிடத்துல ஒரே சந்தோஷம். இன்னொரு கவுண்டர் திறக்கணுமாம். அதுக்கும் கம்பி தானா அமையணும். அப்படியே தச்சரையும் கூட்டிட்டு வாங்க."

வெல்டர் கைய உருவிக்கிட்டாரு.

"உங்கக்காகிட்ட சொல்லிடு மாப்ளே, வாட்ச்மேன் வேலைக்கெல்லாம் நேரமில்லை, எனக்கு ஆர்டர் வந்திருக்கு"ன்னு சொல்லிட்டு, பின்பக்கமா நடந்தாரு.